கேட்காமல் நடந்த வழி

மார்ச் மாதத்து விடியலில் வடிவு ரயில் பாலத்துக்கு அடியிலிருந்து குனிந்து வெளியே வந்தாள். தலையில் வெறுங்கூடை, கையில் கருக்கரிவாள். நிமிர்ந்தபோது எதிரே பாதை இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தகரம் நின்றது. நடுவில் ஒரு இரும்புக் கேட். கேட்டில் புதுப்பூட்டு.

நேற்றுவரை அங்கே பழைய தண்டவாளம் ஒன்று புல்லுக்குள் கிடந்தது. எப்போதோ செங்கல் இறக்கிய இடம். அதை ஒட்டிப் போகும் மண்பாதையில் பத்து நிமிஷம் நடந்தால் யமுனைக் கரை. ஆறு மாதமாக ஒரு கம்பெனி அந்த இடத்தை ரயில்வேயிடம் குத்தகைக்கு எடுத்துப் புதுத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் மூட்டை இறக்க என்றார்கள். லாரிகள் வந்தன. தூசி வந்தது. ஆனால் பாதையை எடுத்துக்கொள்வார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. பாதை என்பது எடுத்துக்கொள்கிற பொருளாகவே யாருக்கும் தோன்றியதில்லை.

அவளுக்கு முன்பே சிலர் நின்றிருந்தார்கள். எருமை ஓட்டும் பீகார்க்காரர். வலை வைத்திருந்த இரண்டு பேர். சிவப்புத் துணி கட்டிய மண்கலயத்தை மார்போடு அணைத்தபடி ஒரு நடுவயதுக்காரர். கலயத்தில் அவருடைய தாயின் அஸ்தி. அவர் யாரோடும் சண்டை போடவில்லை. எங்கே போவது என்று மட்டும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு உள்ளே கம்பெனித் தொப்பி போட்ட காவல்காரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பேச்செல்லாம் இந்தியில்தான்.

"ராஸ்தா பந்த். வழி மூடியாச்சு. கம்பெனி இடம்."

"நதிக்கு எப்படிப் போறது பையா?"

"பெரிய ரோட்டுல போய்ப் பாலத்தைத் தாண்டி இறங்கு."

"அது நாலு கிலோமீட்டர்."

"கார் வாங்கிக்கோ அம்மா."

"வாங்கறேன். உன்னை டிரைவரா வெச்சுக்கறேன். இந்த நாற்காலியை விட அது மெத்துன்னு இருக்கும்."

வலைக்காரர்கள் சிரித்தார்கள். காவல்காரனும் சிரித்தான். கேட் திறக்கவில்லை.

அன்று அவள் பெரிய ரோட்டைச் சுற்றிப் போனாள். கீரையை அறுத்துக் கட்டி, அதே வழியில் திரும்பி, மயூர் விஹாரின் ஃபிளாட்டுகளுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஆபீஸ் போகிறவர்கள் மெட்ரோ ஏறிவிட்டார்கள். மாடிகளில் குக்கர் இறங்கிவிட்டது. அரைக்கீரை தலை சாய்ந்திருந்தது. பாதிக் கட்டுகளை எருமைக்காரரின் எருமைக்கே போட்டாள்.

சின்னசேலம் பக்கத்திலிருந்து தொண்ணூற்றொன்றில் வடிவும் பச்சைமுத்துவும் டில்லிக்கு வந்தார்கள். கல்யாணமாகி நான்கு மாதம். வந்த வேலை, இப்போது அவள் கீரை விற்கிற இதே ஃபிளாட்டுகளைக் கட்டுவது. பச்சைமுத்து கொத்தனார், அவள் சித்தாள். மூன்றாவது மாடியின் செங்கல் முழுக்க அவள் தலையில் ஏறியது. கட்டி முடித்ததும் பச்சைமுத்து வேறு கட்டடத்துக்குப் போனான். வடிவு கரைக்குப் போனாள். அங்கே வெள்ளரி போட்டுக்கொண்டிருந்த ஒரு விவசாயியிடம் கால் பீகா நிலத்தை வாரத்துக்குப் பிடித்தாள். ஊரிலிருந்து விதை வரவழைத்தாள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை. பாலக்கும் மேத்தியும் தின்று அலுத்த தமிழ்க் குடும்பங்கள் அவள் குரலுக்குப் பால்கனிக்கு வந்தன.

"யமுனைத் தண்ணியில விளைஞ்சதாடீ?" என்று சாந்தகுமாரி அம்மாள் முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறாள்.

"இல்லம்மா, கைபம்புத் தண்ணி. யமுனைத் தண்ணின்னா சோப்பு போடாமயே நுரை வந்திருக்கும்" என்று வடிவும் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறாள். பிறகு இரண்டு கட்டு விற்கும்.

வெள்ளம் வந்து நிலம் முழுகியிருக்கிறது. அதிகாரிகள் வந்து பந்தலைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வடிந்ததும், அதிகாரிகள் போனதும், அவள் அதே பாதையில் திரும்பப் போயிருக்கிறாள். இந்தத் தடவை நிலம் இருந்தது. பாதைதான் இல்லை.

சாந்தகுமாரியின் கணவர் ராஜசேகரன் மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஃபிளாட்டுகளின் சொசைட்டிக்குப் பத்தொன்பது வருஷம் செயலாளர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. உற்சாகமானார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே வடிவு. நம்ம கையில ரெக்கார்ட் இருக்கு."

உள்ளே போய் ஒரு ஃபைல் கொண்டுவந்தார். ஆடிப் பதினெட்டு ஃபைல். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அந்த வட்டாரத்துத் தமிழர்கள் எல்லோரும், ஃபிளாட்காரர்களும் ஜுக்கிக் குடிசைக்காரர்களுமாக, அந்தப் பாதை வழியாகத்தான் கரைக்குப் போவார்கள். மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, தூக்குகளில் புளியோதரை, தயிர்சாதம். தொண்ணூற்றெட்டில் ஒரு ரயில்வே போலீஸ்காரர் தடியை ஓங்கிக் கூட்டத்தை விரட்டினார். மறு வருஷத்துக்குக் காத்திராமல் அன்றைக்கே ராஜசேகரன் ரயில்வேக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ஒரு நாள் அனுமதி வந்தது. அதன் பிறகு ஜூன் பிறந்தால் அவர் விண்ணப்பம் போய்விடும். கொரோனா வருஷங்கள் இரண்டு தவிர, இருபத்தைந்து விண்ணப்பம், இருபத்தைந்து அனுமதிக் கடிதம். நம்பர் போட்டு, தேதிவாரியாக, டேக் கட்டி.

"இருபத்தேழு வருஷமா நாம அங்க போறோம்னு சர்க்கார் முத்திரையோட இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

வடிவுக்கும் தைரியம் வந்தது. முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

வழக்கு எழுத கவிதா வந்தாள். டில்லியில் பிறந்த பெண். இலவச சட்ட உதவியில் வேலை பார்க்கிற வக்கீல். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வடிவு, எருமைக்காரர், வலைக்காரர்கள் என்று பதினோரு பேரை உட்கார வைத்துப் பேசினாள். பொதுவழியை அடைத்துவிட்டார்கள் என்று சப் டிவிஷனல் அதிகாரியிடம் மனு போட்டாள்.

முதல் விசாரணை ஏப்ரலில். கவிதா வேறொரு கோர்ட்டிலிருந்து வரப் பதினைந்து நிமிஷம் தாமதம். பதினைந்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. அதிகாரி, "பொதுவழி என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டதும், நாற்பது வருஷப் பழக்கத்தில் ராஜசேகரன் எழுந்தார். ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினார்.

கம்பெனி வக்கீல் அதை வாங்கி முதல் கடிதத்தைப் படித்தார். கடைசிக் கடிதத்தைப் படித்தார். நடுவில் உள்ளதைப் படிக்கவில்லை. அதிகாரியிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"இந்த ஆவணத்தை நாங்கள் மறுக்கவில்லை சார். எங்கள் தரப்பு ஆவணமாகவே பதிவு செய்துகொள்ளக் கேட்கிறோம்."

கவிதா உள்ளே வந்தபோது ஃபைலில் முத்திரை விழுந்துகொண்டிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், எனக்கு முதல்ல காட்டியிருக்கலாமே."

"ஏன்மா? எல்லாம் ஒரிஜினல்."

"அதான் அங்கிள் ப்ராப்ளம். யாரையும் கேட்காம, யாரும் தடுக்காம, முப்பது வருஷம் நடந்தா அது நம்ம வழி. கேட்டுட்டு நடந்தா, மத்லப், அது அவங்க தயவு. இப்போ அவங்க என்ன சொல்வாங்க? இவங்களே வருஷா வருஷம் பர்மிஷன் கேட்டாங்க, நாங்க குடுத்தோம், இந்த வருஷம் குடுக்கலை. பாத் கதம், பேச்சு முடிஞ்சுது."

ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். திரும்பவும் கழற்றினார்.

"அப்ளை பண்ணாம எப்படிமா ஒரு இடத்துக்குப் போறது?" என்றார். உண்மையாகவே அவருக்கு அது தெரியவில்லை.

வடிவு அவரைத் தேற்றவில்லை. அவளுக்கு மூன்று வாரமாக வியாபாரம் பாதி. கால் வீங்கியிருந்தது.

"வருஷத்துல எத்தினி நாளுக்கு சார் லெட்டர் வாங்குனீங்க?"

"ஒரு நாளைக்குத்தான். ஆடிப் பதினெட்டுக்கு."

"மீதி நாளெல்லாம் நான் யாரக் கேட்டன்?"

அவர் கையிலிருந்த கண்ணாடியை மடக்கினார்.

"மழையில போனன். பனியில போனன். புள்ள பெத்து இருபதாம் நாளு போனன். எவனயும் கேக்கல. கேட்டது நீங்க. நடந்தது நானு." கவிதா பக்கம் திரும்பினாள். "அதச் சொல்ல முடியாதா பாப்பா?"

கவிதா அவளையே பார்த்தாள். "சொல்லலாம் ஆன்ட்டி. ஆனா நீங்க டெய்லி போனீங்கன்னு எழுதி வெச்சது யாரு?"

டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் கழுவுகிற சத்தம் வந்தது.

"எழுதி வெச்சிருக்கான்" என்றாள் வடிவு. "சார் சொசைட்டி கேட்டுல வாட்ச்மேன் எழுதுவான். உள்ள வுடறதுக்கு முன்னாடி பேரு சொல்லு, எங்கேர்ந்து வர சொல்லுன்னு உயிர எடுப்பான். தெனம் தெனம். எனக்கு அவ்ளோ எரிச்சலா வரும். நான் கட்டுன கட்டடம், எனக்கே கேள்வி."

ராஜசேகரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ரிஜிஸ்டர்" என்றார். "பழசையெல்லாம் எறியக் கூடாதுன்னு நான் ஆர்டர் போட்டிருந்தேன்."

சொசைட்டியின் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு கிடங்கு. மூன்று நாள் தேடினார்கள். வடிவு மூட்டைகளை இறக்கினாள். ராஜசேகரன் தரையில் பழைய பெட்ஷீட் விரித்து உட்கார்ந்து பிரித்தார். கவிதா போனில் படமெடுத்தாள். நிறைய ரிஜிஸ்டர்களைக் கரையான் தின்றிருந்தது. சிலது மழைநீர் புகுந்து ஒரே கட்டியாகியிருந்தது. மிச்சமிருந்தவற்றில், வாட்ச்மேன்கள் மாற மாறக் கையெழுத்து மாறிக்கொண்டே போனது. ஒருவன் 'சாக்வாலி', கீரைக்காரி என்று எழுதியிருந்தான். ஒருவன் 'மதராசி அம்மா'. ஒருவன் 'பாதிபு' என்று எழுதிவிட்டான். இன்னொருவன் பெயரே எழுதாமல் ஒரு கீரைக்கட்டின் படம் போட்டிருந்தான். எங்கிருந்து என்கிற பத்தியில் பெரும்பாலும் ஒன்றேதான்: ஜமுனா கினாரா. யமுனைக் கரை. நேரம் காலை ஆறே முக்கால், ஆறு ஐம்பது, ஏழு.

கவிதா ஒவ்வொன்றாக வாசித்தாள். வடிவுக்கு இந்தி எழுத்து தெரியாது. தன் வாழ்க்கையை அந்நிய பாஷையில் வேறு ஒருத்தி வாசிக்கக் கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"நடுவுல பதினாறு நாள் இல்ல ஆன்ட்டி. ரெண்டாயிரத்து ஒன்பது, நவம்பர்."

"எங்க அம்மா செத்துது. ஊருக்குப் போனன்."

"அச்சா." கவிதா குறித்துக்கொண்டாள்.

கிடைத்ததில் மிகப் பழையது தொண்ணூற்றாறு ஜூன். கவிதா விரல் விட்டு எண்ணினாள். பாதையை அடைத்தது இந்த மார்ச். முப்பது வருஷத்துக்கு ஒன்றே கால் வருஷம் குறைந்தது.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கேட்டே கெடயாது" என்றாள் வடிவு. "கட்டடமே எங்க தலையில இருந்திச்சி. குளிக்க அந்த வழியாத்தான் போனோம். ஒரு மேஸ்திரி செட்டே போவும்."

"அந்த செட்டுல யாராவது இப்போ வந்து சாட்சி சொல்வாங்களா?"

வடிவு யோசித்தாள். ஒருவன் இருக்கிறான். ஆனால் அவன் இப்போது அவளோடு பேசுவதில்லை.

பச்சைமுத்து பேசாததற்குக் காரணம் பாஸ். இரண்டாம் விசாரணைக்கு முன்பு கம்பெனி மேனேஜர் ஜுக்கிக்கே வந்தார். இளைஞர், தன்மையாகப் பேசுபவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். வடிவுக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் தருவதாகச் சொன்னார். காலை ஐந்து முதல் ஒன்பது வரை கேட் வழியாகப் போகலாம், வரலாம். மழைக்காலத்துக்கு ஒரு டார்ச் லைட்டும் தருவார்களாம்.

அவர் போனதும் பச்சைமுத்து சொன்னான்: "வாங்கிக்க. உன் காலப் பாரு, பூசணிக்கா மாதிரி கெடக்குது."

"வாங்குனா மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு நீ என்னா கவுன்சிலரா? எருமக்காரன் உனக்கு ஓட்டுப் போட்டானா?"

"பாஸ் வாங்குனன்னு வெய்யி. நாளைக்கி அவன் நீ வராதன்னா நிக்கணும். சாரு லெட்டர் வாங்குனதுக்கும் இதுக்கும் இன்னாய்யா வித்தியாசம்?"

"சாரு படிச்ச ஆளு, அவரு தப்புப் பண்ணுனாரு. நீ படிக்காதவ, நீயாச்சும் பொழைக்கத் தெரிஞ்சிக்க."

"எனக்குத் தெரிஞ்ச பொழப்பு இதுதான்."

அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய்ப் படுத்தான். ஐந்து நாள் பேச்சு இல்லை. அவள் விடிவதற்கு முன் எழுந்து பெரிய ரோட்டைச் சுற்றிப் போவதும், வீங்கிய காலோடு வருவதும், மூன்றில் ஒரு பங்கு கீரை வதங்குவதும் அவனுக்குத் தெரியும். ஆறாம் நாள் காலையில் அவள் கூடையை எடுத்தபோது பச்சைமுத்து சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"அந்த வக்கீல் பொண்ணுகிட்ட எப்ப வரணும்னு கேளு. தொண்ணூத்தி ஒண்ணுல நாங்க முப்பத்தெட்டுப் பேரு அந்த வழியாத்தான் குளிக்கப் போனோம். பத்துப் பேரு பேரு ஞாபகம் இருக்குது. மூணு பேரு உசுரோட இருக்கறான்."

"சாட்சி சொன்னா கம்பெனிக்காரன் உன்ன அந்தப் பக்கம் வேலைக்கிக் கூப்ட மாட்டான்."

"கூப்ட்டா மட்டும்? சிமெண்ட்டு மூட்ட தூக்கற வயசா எனக்கு? நட."

ஜூன் முதல் வாரத்தில் அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். காலை ஏழரை மணிக்கே வெயில் அடித்தது. கேட்டுக்கு வெளியே ஜீப் நின்றது. கம்பெனி வக்கீல், மேனேஜர், கவிதா, பதினோரு மனுதாரர்கள், பச்சைமுத்துவோடு இரண்டு பழைய கொத்தனார்கள். சாந்தகுமாரி அம்மாளும் மூன்று பெண்களும் குடையோடு வந்திருந்தார்கள். ராஜசேகரன் ரிஜிஸ்டர்களை ஒரு டிராலி சூட்கேஸில் இழுத்துவந்தார். இந்தத் தடவை அவர் எதையும் தானாக நீட்டவில்லை. கவிதா கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

கேட்டைத் திறந்தார்கள். அதிகாரி உள்ளே நடந்தார். புதுத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஜல்லி கொட்டாத இடத்தில், மண்பாதை இன்னும் தெரிந்தது. புல் முளைக்காத ஒரு கோடு. மூன்று மாதம் யாரும் நடக்காமலும் அது மூடவில்லை. அதிகாரி குனிந்து பார்த்தார்.

திரும்பி வந்து ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டார். குமாஸ்தா எழுதத் தயாரானார். அப்போதுதான் மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். நீலக் கயிற்றில் தொங்கியது. வடிவின் போட்டோ இருந்தது. எங்கிருந்து எடுத்தார்களோ, ஆதார் அட்டைப் படமாக இருக்கலாம்.

"மனிதாபிமான அடிப்படையில், சார்."

அதிகாரிக்கு முகம் தெளிந்தது. அடுத்த விசாரணை, அதற்கடுத்தது, சிவில் கோர்ட்டு எல்லாம் ஒரு அட்டையில் முடியும்போல இருந்தது.

"அம்மா, வாங்கிக்குங்க. நாளையிலிருந்து உங்க வேலை நடக்கும்" என்றார் இந்தியில்.

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள். எருமைக்காரர் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வாங்கினால் தப்புச் சொல்ல அவருக்கு மனமில்லை. வடிவு கூடையை இறக்கவில்லை. பெரிய ரோட்டைச் சுற்றிப் போய் அறுத்துக்கொண்டு வந்த கீரை தலையில் இருந்தது.

"வேண்டாம் சாப்."

"ஏன்?"

"இது வாங்கினா நான் போகலாம். அவர் போக முடியாது." எருமைக்காரரைக் காட்டினாள். "அன்னிக்கு ஒருத்தர் அம்மாவோட சாம்பலை வெச்சுக்கிட்டு நின்னார். அவர் யார்னே எனக்குத் தெரியாது. அவருக்கு யாரு பாஸ் போடுவாங்க?"

"அது வேற விஷயம். உங்க விஷயத்தைப் பாருங்க."

"என் விஷயம் இதுதான் சாப். முப்பத்து மூணு வருஷமா பாஸ் இல்லாம நடந்திருக்கேன். இப்ப வாங்கினா, அப்ப நடந்தது தப்புன்னு நானே சொன்ன மாதிரி."

கம்பெனி வக்கீல் முதல்முறையாக அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

மேனேஜர் இன்னும் அட்டையை நீட்டியபடி இருந்தார். கை வலித்திருக்க வேண்டும். மெதுவாக இறக்கினார்.

"எழுதிக்குங்க சாப்" என்றாள் வடிவு. "குடுத்தாங்க, நான் வாங்கலைன்னு எழுதிக்குங்க."

அதிகாரி குமாஸ்தாவுக்குச் சொல்ல, அவர் எழுதினார். பிறகு வடிவுக்காக அதை இந்தியில் வாசித்துக் காட்டினார். பாதையின் தடம் நேரில் காணப்பட்டது. கேட் பதிவேடுகள் பார்வையிடப்பட்டன. சாட்சிகள் மூவரின் வாக்குமூலம் பெறப்பட்டது. மனுதாரர் வடிவு நுழைவுச் சீட்டை ஏற்க மறுத்தார். அனுமதி கிடைக்கும்வரை சுற்றுவழியில் செல்வதாகத் தெரிவித்தார்.

"கடைசியா சொன்னதை நான் சொல்லலை" என்றாள் வடிவு.

குமாஸ்தா நிமிர்ந்தார்.

"அனுமதி கிடைக்கிற வரைக்கும் இல்ல. கேட் திறக்கிற வரைக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதானே அம்மா" என்றார் குமாஸ்தா.

"ஒண்ணு இல்ல" என்றார் ராஜசேகரன் பின்னாலிருந்து. அன்று அவர் தானாகச் சொன்னது அது மட்டும்தான்.

அதிகாரி ஒரு நிமிஷம் காகிதத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்து, மேலே வேறு எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். விசாரணை ஜூலை பதினேழுக்கு வைக்கப்பட்டது. வடிவு தமிழில் கையெழுத்திட்டாள். மூன்று எழுத்துக்கு நேரமெடுத்துக்கொண்டாள். கூடையைப் பச்சைமுத்து பிடித்திருந்தான்.

மணி எட்டு பத்து. ஜீப் கிளம்பியது. காவல்காரன் கேட்டைப் பூட்டினான். சாந்தகுமாரி அம்மாள் அங்கேயே இரண்டு கட்டு கேட்டாள்.

"வீட்டுக்கு வந்து தரேம்மா. இங்க வித்தா எல்லாரும் இங்கயே வாங்கிட்டுப் போயிடுவீங்க. மத்த வூட்டுக்காரங்க பால்கனியில நிப்பாங்க."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஃபிளாட்டுகளைப் பார்த்து நடந்தாள். கால் வலித்தது. முதல் பிளாக்கின் கேட்டில் புது வாட்ச்மேன் ரிஜிஸ்டரைத் திறந்து பேனாவை எடுத்தான். எங்கிருந்து என்று அவன் கேட்பதற்குள் அவளே "ஜமுனா கினாரா" என்றாள், கொஞ்சம் உரக்க, அவன் எழுதுகிறானா என்று குனிந்து பார்த்தபடி.